போன பட்டன் திரும்பி வந்த கதை: விண்டோஸ் 8 முதல் 10 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

"1. திரையின் இடது கீழ் மூலையில் உள்ள ஸ்டார்ட் பட்டனை அழுத்தவும்."

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து மாணவர்களுக்கு நான் கொடுக்கும் ஜெராக்ஸ் நோட்ஸின் முதல் வரி இதுதான். டைப்ரைட்டிங் முடித்த கையோடு 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், துபாயில் இருக்கும் மகனோடு ஸ்கைப்பில் பேச வேண்டும் என்று அந்த நாளில் வந்த மேலப்பாளையத்து அம்மாக்கள் எல்லாருக்கும் முதல் பாடம் அந்த மூலைதான். விண்டோஸ் எக்ஸ்பி போய் விஸ்டா வந்தது, விஸ்டா போய் 7 வந்தது. நோட்ஸில் படங்களை மாற்றினேன். முதல் வரியைத் தொட வேண்டிய தேவை வரவில்லை.

2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வெளியானது. அந்த மூலையில் பட்டன் இல்லை.

விமர்சனத்தைக் கேட்டு மைக்ரோசாஃப்ட் திருந்திக்கொண்டது என்றுதான் இந்தக் கதையைப் பொதுவாகச் சொல்வார்கள். என் கணக்கில் அது பாதிதான் சரி. விமர்சனம் அவர்களிடம் ஒரு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. காது கொடுத்தது விற்பனை படுத்த பிறகு. அப்போதும் முதலில் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று.

பட்டனை ஏன் எடுத்தார்கள்

ஸ்டார்ட் பட்டன் 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95-உடன் வந்தது. பதினேழு வருடம் அதே மூலையில் இருந்தது. 2010-இல் ஆப்பிள் ஐபேட் வந்தபோது மைக்ரோசாஃப்டுக்கு வயிற்றில் புளி கரைத்தது. மக்கள் இனி மேஜையில் உட்காராமல் விரலால் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார்கள் என்றால், மவுஸையும் கீபோர்டையும் நம்பிக் கட்டிய விண்டோஸ் என்ன ஆகும்? விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி எடுத்த முடிவு துணிச்சலானது: டேப்லெட்டுக்கும் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் ஒரே விண்டோஸ், ஒரே முகம். பட்டனும் மெனுவும் போய், திரை முழுக்க வண்ணக் கட்டங்களாக 'ஸ்டார்ட் ஸ்க்ரீன்' வந்தது.

இதற்கு அவர்கள் காட்டிய காரணத்தில் கணக்கும் இருந்தது. அனுமதி கொடுத்தவர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து வரும் பயன்பாட்டுத் தகவலை அலசிப் பார்த்ததில், விஸ்டாவைவிட 7-இல் ஸ்டார்ட் மெனுவைத் திறப்பவர்கள் குறைந்திருந்தார்கள். அடிக்கடி வேண்டியதை எல்லாரும் திரையின் அடியில் உள்ள பட்டையில், அதாவது டாஸ்க்பாரில், குத்தி வைத்துக்கொள்கிறார்கள், ஆகவே மெனு வழக்கொழிந்து வருகிறது என்பது அவர்கள் எடுத்த முடிவு.

கணக்கு பொய்யில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் அன்று இருந்த கம்ப்யூட்டர்களில் எத்தனைக்கு இணைய இணைப்பு இருந்தது? இணைப்பு இருந்தவற்றிலும், 'உங்கள் பயன்பாட்டுத் தகவலை அனுப்பலாமா' என்று கேட்டால் வேண்டாம் என்று தட்டிவிடுவதுதான் சர்வீஸ்காரர்களின் வழக்கம். திருட்டு சிடியில் ஏற்றிய எக்ஸ்பியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அனுப்பாதவன் எண்ணிக்கையில் வரமாட்டான். இன்னொன்று, ஒரு பட்டனை எத்தனை முறை அழுத்துகிறான் என்று எண்ணலாம். அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில் எத்தனை முறை அழுத்தாமல் விட்டான் என்று எந்தக் கணக்கில் எழுதுவது? வீட்டு மாடிப்படியின் கைப்பிடியை யாரும் பெரிதாகப் பிடிப்பதில்லைதான்.

முன்கூட்டியே வந்த புகார்

டெவலப்பர்களுக்கான முன்னோட்டப் பதிப்பு 2011 செப்டம்பரில் வெளியானது. அதிலேயே முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் பழைய மெனு திரும்பி வரும் என்று கண்டுபிடித்து, பலர் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பொதுமக்களுக்கான முன்னோட்டம் 2012 பிப்ரவரி 29 அன்று வந்தபோது அந்த வழியும் அடைபட்டிருந்தது, டாஸ்க்பாரில் பட்டனும் காணாமல் போயிருந்தது. அதாவது பதிலும் வந்துவிட்டது: பழகிக்கொள்ளுங்கள்.

முன்னோட்டம் வெளியிடுவது கருத்துக் கேட்கத்தானே என்று நாம் நினைப்போம். அன்றைய மைக்ரோசாஃப்டில் முன்னோட்டம் என்பது ஏறக்குறைய முடிந்த பொருளைக் காட்டுவது. பந்தியில் இலை போட்டுப் பரிமாறிய பிறகு உப்பு போதுமா என்று கேட்பது மாதிரி.

ஷட்டவுன் எங்கே இருக்கிறது

2012-இன் கடைசி மாதங்களைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னையைத் தாண்டினால் பாதி நாளுக்கு மேல் மின்வெட்டு. கூடங்குளத்தைத் தன் எல்லைக்குள் வைத்திருந்த திருநெல்வேலி மாவட்டமும் இருட்டில்தான் கிடந்தது. முதல் உலை மின்தொகுப்போடு இணைந்ததே 2013 அக்டோபரில். வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் டிடிபி கடைக்காரர்கள் கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் எடுத்தார்கள்.

அப்படி ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போகிறது. யுபிஎஸ் பீப் பீப் என்று கத்துகிறது. பேட்டரி பழசு, இரண்டு மூன்று நிமிடம் தாங்கினால் அதிகம். ஃபைலைச் சேமித்தாயிற்று, இனி மெஷினை முறையாக அணைக்க வேண்டும். விண்டோஸ் 7-இல் ஸ்டார்ட், ஷட்டவுன், இரண்டே அழுத்தல். விண்டோஸ் 8-இல் மவுஸைத் திரையின் வலது ஓரத்து மேல் மூலைக்கோ கீழ் மூலைக்கோ கொண்டுபோய் அங்கேயே நிறுத்த வேண்டும். 'சார்ம்ஸ்' என்று ஐந்து படங்கள் எட்டிப் பார்க்கும். மவுஸைக் கோணலாக நகர்த்தினால் அவை மறைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஓரத்தை ஒட்டியே நகர்த்தி 'செட்டிங்ஸ்' அழுத்தி, அதற்குள் 'பவர்' அழுத்தி, அதற்குள் 'ஷட்டவுன்'. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. எழுதப்பட்ட அடையாளம் எதுவும் திரையில் இல்லை. சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

டேப்லெட்டில் இது பிரச்சினையே இல்லை. வலது ஓரத்திலிருந்து கட்டைவிரலால் இழுத்தால் அழகாக வந்து நிற்கும். டேப்லெட்டை யாரும் அணைப்பதும் இல்லை. வடிவமைத்தவர்கள் கையில் அதுதான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. யுபிஎஸ் கத்தும் சத்தம் அவர்கள் அறையில் கேட்டிருக்காது.

டெஸ்க்டாப்பில் ஆல்ட் எஃப்4 அழுத்தினால் ஷட்டவுன் பெட்டி வரும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன். அதற்குள் சிபியுவில் உள்ள பவர் பட்டனையே அமுக்கி அணைக்கும் பழக்கம் பரவிவிட்டது.

இன்னொரு காட்சி. பென்டிரைவில் பாஸ்போர்ட் போட்டோ கொண்டுவருகிறார் ஒரு அண்ணாச்சி. படத்தை இருமுறை சொடுக்கினால், புதிய போட்டோ ஆப் திரை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. மேலே எக்ஸ் குறி இல்லை. டாஸ்க்பார் இல்லை. மணி காட்டும் கடிகாரம்கூட இல்லை. மூடுவதற்கு மேல் விளிம்பைப் பிடித்துத் திரையின் அடி வரைக்கும் இழுக்க வேண்டும். "என்னவே, உள்ள போயிட்டு வெளிய வர வழி தெரியாம நிக்கீரு" என்று ஒரு கடையில் கேட்ட கேலி, அந்த வருடம் வெளிவந்த பல நீண்ட விமர்சனக் கட்டுரைகளைவிடச் சரியாக விஷயத்தைச் சொன்னது. இரண்டு ஆப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு வசதி கொடுத்திருந்தார்கள்தான். அதற்குத் திரை 1366-க்கு 768 அளவாவது இருக்க வேண்டும். எங்கள் கடைகளில் பாதிக்கு மேல் இருந்தவை 1024-க்கு 768 காட்டும் பழைய பெட்டி மானிட்டர்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், உள்ளே விண்டோஸ் 8 நல்ல சரக்கு. சீக்கிரம் திறந்தது; கரண்ட் போய்ப் போய் வந்த காலத்தில் அது பெரிய விஷயம். வைரஸ் தடுப்பு கூடவே வந்தது. தமிழுக்கும் அதில் ஒரு லாபம் உண்டு: நிர்மலா யுஐ எழுத்துரு விண்டோஸ் 8-இல்தான் அறிமுகமானது. திரையில் சிறிய அளவிலும் படிக்க முடிகிற தமிழ் எழுத்து அது. முகம் பிடிக்கவில்லை என்பதால் இதையெல்லாம் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

8-ஐ எடுத்துவிட்டு 7 போட்டுத் தருவது அந்த நாளில் சர்வீஸ்காரர்களுக்கு ஒரு தனி வருமானம் ஆனது. புது மெஷின்கள் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்போடு வந்ததால், மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் அதை அணைத்துவிட்டுத்தான் 7-ஐ ஏற்ற முடியும். தெரிந்தவர்கள் ஐந்நூறு வாங்கினார்கள். நான் ஒரு கடையில் ஆயிரத்து இருநூறு கொடுத்தேன். பெயர் வேண்டாம், அவர் இன்றும் பார்த்தால் சிரிக்கிறார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'கிளாசிக் ஷெல்' என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பழைய மெனுவை வரவழைத்துக்கொண்டார்கள். 'ஸ்டார்ட்8' என்ற பெயரில் ஒரு நிறுவனம் அதே வசதியை ஐந்து டாலருக்குக் கொஞ்சம் குறைத்து விற்றது. காணாமல் போன ஒரு பட்டனுக்கு உலகம் முழுக்கச் சந்தை உருவானதைவிடத் தெளிவான கருத்துக்கணிப்பு இருக்க முடியாது.

முதல் திருத்தம்: எங்களுக்கே அல்வா

வெளியாகி மூன்று வாரத்துக்குள், நவம்பரில், சினோஃப்ஸ்கி நிறுவனத்தை விட்டு விலகினார். விண்டோஸ் உருவாக்கும் பொறுப்பு ஜூலி லார்சன்-கிரீனிடம் போனது. 2013-இன் முதல் காலாண்டில் உலகக் கம்ப்யூட்டர் விற்பனை முந்தைய ஆண்டைவிட 13.9 சதவீதம் சரிந்ததாக ஐடிசி ஆய்வு நிறுவனம் சொன்னது. விண்டோஸ் 8 விற்பனையைத் தூக்கி நிறுத்தவில்லை, இன்னும் மந்தமாக்கிவிட்டது போலத் தெரிகிறது என்றும் அது சேர்த்துக்கொண்டது. மே மாதம் மைக்ரோசாஃப்ட் பத்துக் கோடி விண்டோஸ் 8 உரிமங்கள் விற்றதாக அறிவித்தது. அதே மூச்சில், பழகுவதற்குச் சிரமம் இருப்பதை ஒப்புக்கொண்டு திருத்தம் வருகிறது என்றது.

2013 அக்டோபர் 17 அன்று விண்டோஸ் 8.1 வந்தது. மூலையில் பட்டன்! ஆசையாக அழுத்தினால் திறந்தது மெனு இல்லை, அதே கட்டம் போட்ட முழுத்திரை. பட்டனைக் கேட்டார்கள், பட்டனைக் கொடுத்தோம் என்கிற மாதிரி. திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுத்துவிட்டார்கள் என்று வகுப்பில் பேசிக்கொண்டோம்.

இங்கேதான் இந்த நிகழ்வின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயனர் "பட்டன் எங்கே?" என்று கேட்டால் அவர் கேட்பது பட்டனை இல்லை. செய்துகொண்டிருக்கும் வேலை கண்ணைவிட்டு மறையாமல், ஓரமாக ஒரு பட்டியலைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மூடும் வசதியைக் கேட்கிறார். புகாரில் இருந்த சொல்லுக்குப் பதில் சொன்னார்கள், புகாருக்குச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பட்டனை வலது சொடுக்கினால் வரும் சிறு பட்டியலில் ஷட்டவுனைச் சேர்த்திருந்தார்கள். கம்ப்யூட்டர் திறந்ததும் நேராக டெஸ்க்டாப்புக்குப் போகும் அமைப்பையும் கொடுத்தார்கள், டாஸ்க்பார் பண்புகளுக்குள் ஒரு டிக் போட்டால். எங்கள் கடைக்காரர்களுக்கு உண்மையில் உதவியவை இவை இரண்டும். விளம்பரத்தில் முன்னால் நின்றதோ பட்டன்.

இரண்டாவது திருத்தம் 2014 ஏப்ரல் 8 அன்று வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சத்ய நாதெல்லா மைக்ரோசாஃப்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்தார். தொடுதிரை இல்லாத கம்ப்யூட்டர் தானாகவே டெஸ்க்டாப்பில் திறந்தது. முழுத்திரை ஆப்களின் தலையில் எக்ஸ் குறி வந்தது. ஸ்டார்ட் ஸ்க்ரீனிலேயே பவர் பட்டன் வந்தது. எல்லாம் சின்னச் சின்ன மாற்றம், எல்லாமே சரியான இடத்தில் விழுந்தவை. கையில் மவுஸ் இருக்கிறதா விரல் இருக்கிறதா என்று பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்பதை முதல்முறையாக ஏற்றுக்கொண்டது இந்தத் திருத்தம்தான். வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்ததும் அதே நாள். எக்ஸ்பியை விட்ட எங்கள் ஊர்க் கடைகள் 8.1-க்குப் போகவில்லை, 7-க்குத்தான் போயின. பேர் கெட்டுப்போன வீட்டில் வெள்ளையடித்தாலும் குடி வரமாட்டார்கள்.

தேரைத் திருப்புவது

திருநெல்வேலி டவுனில் ஆனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும். நெல்லையப்பர் தேர் ரத வீதி மூலையில் சடாரென்று திரும்பாது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்திருப்பார்கள், ஆனால் தேரின் போக்கைத் தீர்மானிப்பவர்கள் சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடும் சில பேர்தான். ஒரு கட்டை, இரண்டடி நகர்வு, நிறுத்தம், பார்த்தல், மறுபடி ஒரு கட்டை. 2012-இல் செய்தது தேரை பைக் மாதிரி ஒடித்துத் திருப்பப் பார்த்த வேலை.

2014 செப்டம்பர் 30 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்ரோசாஃப்டின் டெர்ரி மையர்சனும் ஜோ பெல்ஃபியோரேயும் அடுத்த விண்டோஸைக் காட்டினார்கள். 9-ஐத் தாண்டி 10 என்று பெயர். மெனு திரும்பி வந்தது, இந்த முறை நிஜமாகவே. இடப்பக்கம் பழைய பட்டியல், வலப்பக்கம் 8-இன் கட்டங்கள், இழுத்துப் பெரிதாக்கலாம் சிறிதாக்கலாம். ஆப்கள் ஜன்னலுக்குள் அடங்கின. சார்ம்ஸ் போயே போய்விட்டது. டேப்லெட் முறை தனியாக ஒரு பட்டனுக்குப் பின்னால் போனது. 7-க்கும் 8-க்கும் பஞ்சாயத்து பேசி முடித்த சமரசம் என்று சொல்லலாம்.

அதைவிடப் பெரிய மாற்றம் வேலை செய்யும் முறையில். மறுநாளே 'இன்சைடர்' திட்டம் தொடங்கியது. முடியாத பொருளை, பிழைகளோடு, விரும்புகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது. அவர்கள் திட்டுவதைக் கேட்டு அடுத்த பதிப்பைச் சில வாரத்தில் கொடுப்பது. வேகமாக வேண்டுபவர்களுக்கு ஒரு வரிசை, மெதுவாக வந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு வரிசை. முதல் இரண்டு வாரத்தில் பத்து லட்சம் பேர் பதிவு செய்தார்கள், இரண்டு லட்சம் கருத்துகள் வந்தன. பந்திக்கு முன்பே சமையல்கட்டில் உப்புப் பார்க்க ஆள் கூப்பிட்டார்கள். 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானது, 7-உம் 8.1-உம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம்.

இலவசம் என்றாலும் கையைப் பிடித்து இழுத்துக் கொடுத்த இலவசம். ஜியோ வருவதற்கு முந்தைய காலம், டாங்கிளில் ஜிபி கணக்கில் காசு. அதில் பின்னணியில் சத்தமில்லாமல் பல ஜிபி இறங்குவது யாருக்குப் பிடிக்கும்? 2016-இல் மேம்படுத்தல் அறிவிப்பை எக்ஸ் அழுத்தி மூடினாலும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் போனார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் 'வேண்டாம்' என்று சொல்லத் தெளிவான வழி கொடுத்தார்கள். பட்டன் விஷயத்தில் கற்ற பாடம் இந்த விஷயத்துக்குள் வரவில்லை.

ஓட்டு விழாத புகார்

இன்சைடர் முறையில் கருத்துகளுக்குப் பயனர்களே ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு விழுந்தது மேலே வரும். பழைய தானியங்கிக் கணக்கைவிட நல்லதுதான், ஆனால் இதுவும் எண்ணிக்கைதான். 2018 அக்டோபர் மேம்படுத்தலில் சிலருடைய கோப்புகளே அழிந்துபோயின. வெளியிட்ட சில நாளில் நிறுத்தி, நவம்பரில்தான் மறுபடி விட்டார்கள். அந்தக் கோளாறை இன்சைடர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். ஓட்டு குறைவாக விழுந்ததால் கண்ணில் படவில்லை. அதன் பிறகுதான் புகாரின் தீவிரம் எவ்வளவு என்று குறிக்கவும் ஒரு இடம் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஓட்டு விழாத சமாச்சாரம் ஒன்று உண்டு: லதா எழுத்துரு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து தமிழ் யுனிகோட் என்றால் லதாதான். பட்டா மாறுதல் மனுவிலிருந்து சங்கத் தீர்மானம் வரை எத்தனையோ வேர்டு கோப்புகள் லதாவில் இருக்கின்றன. விண்டோஸ் 10-இல் லதாவும் விஜயாவும் கூடவே வருவதில்லை; விருப்பத் தொகுப்பாகத் தனியே வைத்துவிட்டார்கள். இடத்தை மிச்சப்படுத்த அது நியாயமான யோசனைதான். அமைப்புகளில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தால் தொகுப்பு தானாக இறங்கிவிடும்.

ஆனால் நம் ஆட்கள் விண்டோஸில் தமிழைச் சேர்ப்பதே இல்லை. அழகி, என்எச்எம் ரைட்டர் மாதிரித் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில் தட்டுகிறார்கள். அவற்றுக்கு விண்டோஸின் தமிழ் அமைப்பு தேவையில்லை. ஆக, தமிழில் நாள் முழுக்க வேலை செய்யும் கம்ப்யூட்டர், தமிழே தெரியாத கம்ப்யூட்டராக விண்டோஸின் கணக்கில் நிற்கும். கோப்பைத் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரிகள் மடங்கும் இடம் மாறும், இரண்டு பக்க மனு மூன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு கையெழுத்து வரியோடு முடியும். சரிசெய்வது சுலபம்: அமைப்புகளில் விருப்ப அம்சங்களுக்குள் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்கள் தொகுப்பைச் சேர்த்தால் போதும். வழி தெரிந்தவருக்கு ஐந்து நிமிடம்.

8 விட்டுச்சென்ற இன்னொரு மிச்சம், இரட்டை அமைப்புகள். கண்ட்ரோல் பேனலில் பாதி, செட்டிங்ஸில் பாதி. 2012-இல் பிரித்த குடும்பம், விண்டோஸ் 11 வந்த பிறகும் முழுசாக ஒன்று சேரவில்லை.

11-இன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 அக்டோபர் 5 அன்று வந்தபோது டாஸ்க்பாரில் கோப்பை இழுத்துப் போட முடியவில்லை. 2022-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஜன்னல்களைத் தனித்தனிப் பெயரோடு காட்டும் வசதி 2023-இல் திரும்பியது. பட்டனை எடுக்கவில்லை, நடுவில் தள்ளி வைத்தார்கள். விரும்பினால் இடப்பக்கம் கொண்டுவரும் வழி முதல் நாளே அமைப்புகளில் இருந்தது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வகுப்பில் புது மெஷின்கள் வந்து இறங்கின. முதல் நாள் ஒரு பெண், நோட்ஸைப் பார்த்து மவுஸை இடது கீழ் மூலைக்குக் கொண்டுபோனாள். அங்கே வெயில் 34 டிகிரி என்று வானிலைதான் இருந்தது. "சார், இங்கன ஒண்ணும் இல்லையே" என்றாள். நோட்ஸை வாங்கி "இடது கீழ் மூலையில்" என்ற மூன்று சொற்களையும் பேனாவால் அடித்துக் கொடுத்தேன். மீதி முப்பது ஜெராக்ஸையும் அன்று சாயங்காலம் உட்கார்ந்து அடித்தேன்.